லோடுவின் இடது முழங்கை

என் சித்திக்கு லாரி ஓட்டுநர்கள் வைத்திருக்கும் பெயர் 'முள்ளு'. தராசு முள்ளைச் சொல்கிறார்கள். நேரில் பார்த்தால் 'முள்ளக்கா' என்று மரியாதையையும் சேர்த்துக்கொள்வார்கள். முள் போய், சிவப்பு எண்கள் மின்னும் திரை வந்து பல வருடம் ஆகிவிட்டது; பெயர் மட்டும் போகவில்லை.

இருபத்து மூன்று வருடங்களாக அவள் ஒரே எடைமேடையில் வேலை பார்க்கிறாள். கல்லுடைக்கும் இடத்துக்கும் பழைய இரும்புக் கிடங்குக்கும் நடுவே, புழுதி படிந்த சாலை வளைவில் இருக்கிறது அது. தரையோடு தரையாக நீளமான இரும்புத் தட்டு. பக்கத்தில், ஆறு படி உயரத்தில், கண்ணாடி வைத்த சின்ன அறை. லாரி தட்டில் ஏறி நின்றால் உள்ளே திரையில் எண் விழும். பொத்தானை அமுக்கினால் சீட்டு வரும். வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிடுகிற வேலை. சித்தி எண் விழுந்ததும் எழுந்து, படியிறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகுதான் பொத்தானில் கை வைப்பாள். பின்சக்கரம் ஒன்று தட்டுக்கு வெளியே விரற்கடை தள்ளி நிற்கிறதா, காலி வண்டி என்று சொல்லி நிறுத்தியதன் தண்ணீர்த் தொட்டி தளும்புகிறதா, இருக்கைக்குப் பின்னால் யாராவது படுத்திருக்கிறார்களா என்று பார்ப்பாள். மழை பெய்தால் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு பார்ப்பாள்.

"திரையிலதான் தெளிவா தெரியுதே முள்ளக்கா, எதுக்குச் சும்மா முட்டியைத் தேய்ச்சுக்கிட்டு ஏறி இறங்குறீங்க?" என்று ஒருவர் கேட்டாராம்.

"திரைக்குக் கண்ணு கிடையாதுப்பா, எனக்கு இருக்கு. நீ முதல்ல அந்தச் சக்கரத்தை உள்ள ஏத்து" என்றாளாம் சித்தி.

இதைச் சொன்னவர் சித்தப்பா. அவர் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். அவர் சொல்வதில் பாதியைக் கத்தரித்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். இதை மட்டும் முழுதாகவே நம்பலாம்.

லோடு கிடைத்ததும் அந்த மேடையில்தான். பழைய இரும்பு ஏற்றி வந்த லாரியைச் சித்தி சுற்றிப் பார்த்தபோது, வளைந்த ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு பெட்டை நாய்க்குட்டி உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. "இது உன் லோடுல சேராது, இறக்கிடு" என்றிருக்கிறாள். அதற்கு அதுவே பெயராகிவிட்டது. ஐந்து வருடத்தில் பழுப்பும் வெள்ளையுமாக, இருபத்து நான்கு கிலோவில், காது ஒன்று நிமிர்ந்தும் ஒன்று மடங்கியும் வளர்ந்தது. தினமும் சித்தியோடு வேலைக்குப் போய், சித்தியோடு லாரியைச் சுற்றி வரும்.

நாலு வருடம் நாடு நாடாக அலைந்து, பழம் பறித்து, விடுதி அறை பெருக்கி, ஒரு படகில் சமையல்வரை பார்த்துவிட்டு நான் திரும்பி வந்த வாரத்தில்தான் அது நடந்தது. ஓட்டுநர் ஒருவர் விளையாட்டாக லோடுவைத் தூக்கி, கல் ஏற்றிய லாரியின் உச்சியில் உட்கார வைத்தார். கண்ணாடி அறையிலிருந்து பார்த்த சித்தி பதறிப்போய் விசிலடித்தாள். அந்த விசில் கேட்டால் லோடு எங்கிருந்தாலும் ஓடி வரும். ஓடித்தான் வந்தது. இரண்டு ஆள் உயரத்திலிருந்து, ஒரே தாவலில்.

இடது முன்னங்காலில் மூன்று மணி நேரம் அறுவை சிகிச்சை நடந்தது. முடிந்ததும் டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். இளைஞர், பேசும்போது தன் முழங்கையையே தொட்டுத் தொட்டுக் காட்டுகிற பழக்கம்.

"மேல் எலும்போட கீழ் நுனி ரெண்டாப் பிளந்து, விரிசல் மூட்டுக்குள்ளயே போயிருக்கு. குறுக்க ஒரு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கேன். இந்த இடத்துல எலும்பு சின்னதும்மா. ஸ்க்ரூ தளர்ந்துட்டா இன்னொண்ணு போட இடம் இல்ல. அப்புறம் காலை எடுக்கிறதைப் பத்தித்தான் பேச வேண்டியிருக்கும்."

சித்தி அழவில்லை. "ஆறுதுன்னு எப்படித் தெரியும்?" என்றாள்.

"ஆறாவது வாரம் எக்ஸ்ரே எடுப்போம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் குதிக்கக் கூடாது, ஓடக் கூடாது, படி ஏறக் கூடாது. அவளா எவ்வளவு ஊனுறாளோ அவ்வளவு போதும். நாம பொறுமையா இருக்கணும்."

"அதைக் கேக்கல டாக்டர். அதுவரைக்கும் ஆறுதா இல்லையான்னு நான் எதைப் பாத்துத் தெரிஞ்சுக்கிறது?"

டாக்டர் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை.

வீடு மாடியில், பதினெட்டுப் படிகள். ஆகவே கீழே சித்தப்பாவின் கடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையைக் காலி செய்தோம். துண்டுகளும் ஷாம்பூ டப்பாக்களும் மாடிக்குப் போக, லோடுவும் நானும் உள்ளே வந்தோம். வழவழப்பான தரை ஓடு தெரியாமல் ரப்பர் பாய் விரித்தேன். மூலையில் இடுப்பளவு கம்பித் தடுப்பு. அதற்குள் மெத்தை, தண்ணீர்க் கிண்ணம், தையலை நக்காதபடி கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டிய லோடு. மருத்துவமனையில் தோள்வரை மழித்துவிட்டிருந்த காலைச் சித்தப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"எவன் கைவேலை இது? ஓரமெல்லாம் எலி கடிச்ச மாதிரி இருக்கு. ஒரு நாள் என்கிட்ட விட்டீங்கன்னா நேராக்கிடுவேன்."

"நீங்க கத்தியோட இந்தப் பக்கம் வந்தீங்க, அப்புறம் இருக்கு" என்றாள் சித்தி.

என் வேலைகள் முதல் நாளே தீர்மானமாகிவிட்டன. முதல் மூன்று நாள் துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம், பிறகு வெந்நீர் ஒத்தடம். சாப்பாட்டோடு வலி மாத்திரை. ஒரு நாளைக்கு நாலு தடவை, நெஞ்சுப்பட்டையைப் பிடித்து, பின்வாசல் வழியாக ஐந்து நிமிடம் மட்டும் வெளியே. காலையும் மாலையும் முழங்கையைப் பத்து முறை மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும். எந்த இடத்தில் லோடு முகத்தைத் திருப்பிக்கொள்கிறதோ அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். கையில் தோலும் எலும்பும் நகர்வது தெரியும். உள்ளே எங்கோ ஒரு ஸ்க்ரூ இருக்கிறது என்ற நினைப்பில் என் மூச்சே நின்று நின்று வரும்.

மூன்றாம் நாள் சித்தி ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வந்தாள். உள்ளே, வீட்டில் ஆள் ஏறி நின்று பார்க்கிற எடைக் கருவிகள் இரண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பின்கால்களுக்கு அதே உயரத்தில் ஒரு பலகை. லோடுவை மெல்ல நடத்தி வந்து, வலது முன்னங்காலை ஒன்றிலும் இடதை இன்னொன்றிலும் வைத்தாள்.

"லாரியை அச்சு அச்சாப் பிரிச்சு எடை பார்ப்போம் தெரியுமா? எந்தப் பக்கம் பாரம் கூடன்னு அதுலதான் தெரியும். இதுவும் அதேதான்."

வலது பன்னிரண்டு கிலோ நானூறு. இடது ஒன்று எண்ணூறு. சித்தி ஒரு நோட்டில் எழுதினாள். அவள் முகத்தில் மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாக ஒரு தெம்பு வந்தது. பார்ப்பதற்கு ஓர் எண் கிடைத்துவிட்டதே.

அதன்பின் காலை வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது ஒரு தடவை, மாலை ஒரு தடவை. லோடு கருவியில் நிற்க மாட்டேன் என்று அடம் பிடித்ததால், வேகவைத்த ஈரலைச் சின்னச் சின்னத் துண்டாக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். நின்றால் ஒரு துண்டு. நேற்றைய எண்ணைவிட இன்று இடது கூடியிருந்தால் இன்னொரு துண்டு, தலையில் ஒரு தடவல், "என் தங்கமே" என்று ஒரு கொஞ்சல். சித்தி யாரையும் கொஞ்சுகிறவள் அல்ல. என்னையே 'ஊர்சுத்தி' என்றுதான் கூப்பிடுவாள். சித்தப்பா அந்தக் கொஞ்சலைக் கேட்டுவிட்டு, கடையில் இருந்தவரிடம், "பாத்தீங்களா, எனக்கும் ஒரு ஸ்க்ரூ போட்டுக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

பத்தாம் நாள் இடது மூன்று அறுநூறு. பதினெட்டாம் நாள் ஐந்தரை. இருபத்து நாலாம் நாள் இரண்டு காலும் ஏறக்குறைய சமம். எடைமேடையில் ஓட்டுநர்கள் வந்ததும் வராததுமாக "இன்னிக்கு எவ்வளவு முள்ளக்கா?" என்று கேட்டார்களாம். லோடுவை லாரியில் ஏற்றி வைத்த ஓட்டுநருக்கு மட்டும் சித்தி பதில் சொல்வதில்லை. சீட்டை நீட்டுவாள், அவ்வளவுதான்.

எனக்கு முதலில் சந்தேகம் வந்தது கடையின் நிலைக்கண்ணாடியில். பின்னறைக் கதவு திறந்திருந்தால், கடையில் நிற்கிறவருக்கு எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் லோடுவின் தடுப்பு முழுதும் தெரியும். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது லோடு எப்படி நிற்கிறது என்பதை நான் அங்கே பார்த்தேன். இடது பாதத்தின் நகநுனி மட்டும் பாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்கப் போகையில் அதுவும் இல்லை. மூன்று காலில் தத்தியது. அதே நாள் மதியம் கருவியில் இடது ஏழு கிலோ காட்டியது.

"சித்தி, நடக்கும்போது ஊன மாட்டேங்குதே."

"சோம்பல். இத்தனை நாள் தூக்கியே பழகிட்டா இல்ல? எண் பொய் சொல்லுமா?"

நான் பேசாமல் இருந்துவிட்டேன். அதற்காக இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, வேலை இல்லை, அவர்கள் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன், இருபத்து மூன்று வருடம் எடை பார்த்தவளிடம் எடையைப் பற்றி நான் என்ன பேசுவது என்று இருந்துவிட்டேன்.

இருபத்து எட்டாம் நாள் காலை வலது ஐந்து அறுநூறு காட்டியது. இடது எட்டு தொள்ளாயிரம்.

சித்தி நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குள்ளேயே ஓடினாள். "ஏங்க, பாருங்க! நல்ல காலைவிட இது கூடக் காட்டுது!" பிறகு என்னிடம் திரும்பி, "நாளைக்கு மேல கூட்டிட்டுப் போயிடலாம்டி. படியைத் தானே ஏறட்டும். திங்கட்கிழமை என்னோட வேலைக்கு வந்துடுவா."

முறிந்து ஒரு மாதமே ஆன கால், முறியாத காலைவிட எதற்காக அதிகப் பாரம் தாங்க வேண்டும்?

"சித்தி, டாக்டர் ஆறு வாரம்னு சொன்னாரே. இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. ஒரு போன் பண்ணிக் கேட்டுட்டு…"

"டாக்டர் எல்லா நாய்க்கும் பொதுவாச் சொல்றது. இது என் நாய். நாலு வருஷம் கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுத் திரிஞ்சவ, நீ எனக்குக் காலைப் பத்திப் பாடம் எடுக்காத."

அவள் வேலைக்குப் போன பிறகு நான் வெகுநேரம் கருவிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். லோடு தடுப்புக்குள்ளிருந்து என்னையும் கருவிகளையும் மாறி மாறிப் பார்த்தது. வாலை ஆட்டியது. கருவிகளைப் பார்த்து வாலை ஆட்டியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு கருவியையும் புரட்டி, பேட்டரிகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மதியம் கடையில் ஒரே ஒருவர்தான் இருந்தார், கல் லாரி ஓட்டுகிற ஒருவர்; லோடுவை ஏற்றி வைத்தவர் அல்ல. முகம் முழுக்க நுரை. சித்தப்பா ஒரு கன்னத்தை முடித்திருந்தார். சித்தி வந்தாள், வழக்கம்போல் கைகழுவிவிட்டுத் தடுப்பைத் திறந்தாள். லோடு தானாகவே நடந்து வந்து கருவிகளில் ஏறியது.

"திரை எரியலையே?"

"பேட்டரியைக் கழட்டிட்டேன் சித்தி."

"ஏன்டி?"

"ஒரு நிமிஷம் எதுவும் பேசாத. கையைப் பையில விடாத. அவளை மட்டும் பாரு."

சித்தி என்னை அடித்துவிடுவாள் என்றே நினைத்தேன். ஆனால் அதற்குள் லோடு தொடங்கிவிட்டது. உடம்பு முழுவதையும் இடப் பக்கம் சாய்த்தது. இடது காலை விறைத்து, கருவிக்குள் இறக்குவதுபோல அழுத்தியது. வலது பாதம் கருவியை விட்டு மயிரிழை எழும்பியது. அழுத்திக்கொண்டே நிமிர்ந்து சித்தியின் பையைப் பார்த்தது. துண்டு வரவில்லை. போதவில்லை போலும் என்று இன்னும் அழுத்தியது. தோள் நடுங்கத் தொடங்கியது. மூக்கை ஒரு தடவை நக்கிக்கொண்டது. கண் மட்டும் பையை விட்டு அசையவில்லை.

கடையில் கத்தியின் சத்தம் நின்றுவிட்டிருந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முள்ளக்கா," என்றார் நுரைக்குள்ளிருந்து, "இது நம்ம ஆளுங்க மேடையில பண்ற வேலைதானே?"

நான் நெஞ்சுப்பட்டையைப் பிடித்து லோடுவைக் கருவியிலிருந்து இறக்கினேன். பாயில் கால் பட்டதும் இடது பாதம் மேலே போய்விட்டது. மூன்று காலில் தத்திப் போய்த் தண்ணீர் குடித்தது.

சித்தி மண்டியிட்டாள். முழங்காலாலேயே நகர்ந்து, லாரியைச் சுற்றுவதுபோல நாயைச் சுற்றி வந்தாள். முன்னால், வலப் பக்கம், பின்னால், இடப் பக்கம். இடப் பக்கம் வந்து நின்று, புறங்கையை முழங்கையில் வைத்தாள். பிறகு வலது முழங்கையில். மறுபடி இடதில்.

"கொதிக்குது" என்றாள். அப்புறம், "நான்தான் அழுத்தச் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றாள்.



"ஏங்க, வண்டியை எடுங்க."

சித்தப்பா கையில் கத்தியோடு ஓட்டுநரின் மறு கன்னத்தைப் பார்த்தார்.

"நீங்க கிளம்புங்கண்ணே, மீதியை நான் இழுத்துக்கிறேன். கடையையும் பாத்துக்கிறேன். போங்க!" என்று ஓட்டுநர் கத்தியைப் பிடுங்கிக்கொண்டார்.

சித்தப்பாவின் பழைய வேன் நாலைந்து வாய்தா வாங்கிக்கொண்டுதான் கிளம்புகிற வண்டி. அன்று என்ன நினைத்ததோ முதல் தடவையிலேயே கிளம்பியது. வழியெல்லாம் சித்தி பின்னால் லோடுவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். தொட்டால் அது காலை அழுத்துமோ என்று பயந்தாள் என்று நினைக்கிறேன். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

முன்பதிவு இல்லாததால் ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். எதிரே ஒரு பூனைக்கூடை, ஒரு முயல், சுவரில் ஓடாத மின்விசிறி. ஒவ்வொரு தடவை உள்கதவு திறக்கும்போதும் சித்தி எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். ஒரு தடவை என்னிடம் மெதுவாகக் கேட்டாள்:

"உனக்கு எப்ப தெரிஞ்சது?"

"நாலு நாளா சந்தேகம்."

"வாயில என்ன வச்சிருந்த?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

படம் வந்தது. டாக்டர் இந்தத் தடவை தன் முழங்கையைத் தொடவில்லை. பேனா முனையால் படத்தைக் காட்டினார். வெள்ளையாக ஸ்க்ரூ. அதைச் சுற்றி, பென்சிலால் வரைந்ததுபோல் மெல்லிய ஒரு கறுப்புக் கோடு.

"ஸ்க்ரூ முறியல, நகரல. ஆனா சுத்தி இருக்கிற எலும்பு விலகத் தொடங்கியிருக்கு. ஆறிக்கிட்டிருக்கிற இடத்துல யாரோ ஆட்டி ஆட்டிப் பார்த்த மாதிரி. வீட்டுல ஓடினாளா? குதிச்சாளா?"

சித்தி நோட்டை மேசைமேல் வைத்துத் திறந்தாள். "இதுதான் டாக்டர்" என்றாள். எதையும் மறைக்காமல், ஈரல் துண்டுவரை எல்லாவற்றையும் சொன்னாள். அவளுடைய குரல் சீட்டில் அச்சடிப்பதுபோல ஒரே சீராக இருந்தது.

டாக்டர் பக்கங்களைப் புரட்டினார். "நாங்களும் இப்படி ரெண்டு கருவி வச்சுப் பார்க்கிறது உண்டும்மா. பார்க்கிறது தப்பில்ல. எண்ணுக்குப் பரிசு குடுத்ததுதான் தப்பாப் போச்சு. நாய்க்கு எலும்பு ஆறுதா இல்லையான்னு தெரியாது. நீங்க எப்ப சந்தோஷப்படுறீங்கன்னு மட்டும் தெரியும்."

"காலு?"

"இன்னொரு வாரம் போயிருந்தா பேச்சு வேற. இப்ப ஒரு வாய்ப்பு இருக்கு. மறுபடி முதல்லேருந்து ஆறு வாரம், இன்னும் கண்டிப்பா. அப்பவும் இந்தக் கோடு மூடலைன்னா…"

அவர் நோட்டை மூடிச் சித்தியிடம் நீட்டினார்.

மறுநாள் சித்தி வேலைக்கு ஆறு வாரம் விடுப்புச் சொன்னாள். இருபத்து மூன்று வருடத்தில் சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் அவள் விடுப்பு எடுத்ததில்லை. மாற்றாக வந்தவர் படியிறங்குவதே இல்லை என்றும், ஓட்டுநர்கள் கொண்டாட்டமாக இருக்கிறார்கள் என்றும் சித்தப்பாவின் நாற்காலிக்குச் செய்தி வந்தது. சித்தியிடம் சொன்னார். "இருக்கட்டும்" என்றாள்.

கருவிகள் போய்விட்டன. ஆனால் லோடுவுக்குள் ஏறிய பாடம் போகவில்லை. வெளியே கூட்டிப் போனால் வாசல் மிதியடியில் இடது காலை வைத்து அழுத்திவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்கும். என் செருப்பில் அழுத்தும். தரையில் கிடந்த செய்தித்தாளில்கூட அழுத்தியது. ஒவ்வொரு அழுத்தலும் அந்தக் கறுப்புக் கோட்டை அகலமாக்குகிறது என்று எங்களுக்குத் தெரியும். திட்டினால் அதுவும் ஒரு கவனிப்புதான், நிறுத்தாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே ஒரு சட்டம் போட்டோம்: யாரும் கையால் எதுவும் ஊட்டக் கூடாது, சாப்பாடு கிண்ணத்தில் மட்டும். அது அழுத்தினால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

நான் திருப்பிக்கொண்டேன். சித்தப்பாவும், "மன்னிச்சுக்கோடா கண்ணு" என்று முணுமுணுத்துவிட்டுத் திருப்பிக்கொண்டார். சித்திதான் பாடாய்ப் பட்டாள். லோடு முழு உடம்பையும் சாய்த்து, தோள் நடுங்க, நிமிர்ந்து அவளையே பார்க்கும். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். தாடை இறுகியிருக்கும். சில சமயம் அது ஒரு நிமிடம்கூட நீடிக்கும். கடைசியில் லோடு பெருமூச்சு விட்டுக் காலை எடுத்துவிடும். அதன்பின்தான் சித்தி மூச்சு விடுவாள்.

ஒன்பது நாள் ஆயிற்று, அந்தப் பழக்கம் குறையத் தொடங்க. பதினைந்தாம் நாள் மிதியடியைத் தாண்டும்போது லோடு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நொண்டிக்கொண்டே போனது. நகநுனி மட்டும் தரையில். சித்தி அதைப் பார்த்து, "நொண்டு, நல்லா நொண்டு" என்றாள். தெருவில் போன ஒரு பெண் எங்களை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் வாரம் ஒரு விபரீதம். கடையில் வெந்நீர்ப் பாத்திரம் தரையில் விழுந்து உருண்டது. அந்தச் சத்தத்தில் லோடு துள்ளி, தடுப்பில் மோதி, ஒரே ஒரு கத்தல் கத்தியது. நாங்கள் ஓடிப் போனபோது மூலையில் ஒடுங்கி, இடது காலை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. டாக்டருக்குப் போன் செய்தோம்.

"வீக்கம் இருக்கா? சூடு இருக்கா?"

"இப்ப இல்ல."

"அப்ப அவளை அசைக்காதீங்க. அடிக்கடி தொட்டுப் பாருங்க. சூடு ஏறினா மட்டும் கூட்டிட்டு வாங்க."

அன்றும் மறுநாளும் சித்தி தடுப்புக்குப் பக்கத்தில் பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். அரை மணிக்கு ஒரு தடவை புறங்கை. வலது, இடது, மறுபடி வலது. எதையும் எழுதவில்லை. நான் சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தால் அப்படியே இருக்கும்.

"நீ தூங்கு சித்தி, நான் பாக்கிறேன்."

"உன் கை எப்பவும் சில்லுன்னு இருக்கும். உனக்கு எல்லாமே சூடாத்தான் தெரியும். நீ போய்த் தூங்கு."

படகு வேலைக்கு மறுபடி வரச் சொல்லி எனக்கு ஒரு செய்தி வந்திருந்தது. கிளம்ப வேண்டிய தேதி அந்த இரண்டு நாளுக்குள் வந்து, போய்விட்டது. நான் அதைச் சித்தியிடம் சொல்லவில்லை.

சூடு ஏறவில்லை. மூன்றாம் நாள் நகநுனி பாயைத் தொட்டது. நாலாம் வாரம் உள்ளங்கால் முழுதும் பதிந்தது. யாரும் எதுவும் கொடுக்காமல், யாரும் பாராட்டாமல், யாரும் பார்க்காதபோதுகூட. கண்ணாடியில் அதைக் கண்டுபிடித்தவர் சித்தப்பா. ஒரு தலையைப் பாதியில் நிறுத்திவிட்டு, எங்களை விரலால் கூப்பிட்டுக் கண்ணாடியைக் காட்டினார். லோடு அங்கே தன்பாட்டில் நின்று, ஜன்னலில் ஊர்ந்த ஓர் ஈயைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாலு பாதமும் பாயில் இருந்தன. சித்தி முந்திக்கொண்டு மகிழவில்லை. "கோடு மூடட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாவது ஆறு வாரமும் முடிந்த அன்று, டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். சித்தியின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது.

"மூடிடுச்சு" என்றார். "இங்க பாருங்க, எலும்பு ஸ்க்ரூவை ஒட்டிப் பிடிச்சிருக்கு. பிளவும் சேர்ந்துடுச்சு. ஆனா மூட்டு முழுசா நீளாது. கொஞ்சம் நொண்டல் ஆயுசுக்கும் இருக்கும். குளிர் நாள்ல கூடும்."

"கால் இருக்கும்ல?"

"இருக்கும்மா."

சித்தி தலையை ஆட்டினாள். நன்றி சொல்ல மறந்துவிட்டாள். வெளியே வந்து பாதி வழியில் ஞாபகம் வந்து, திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

வேனில் பின்னிருக்கைகளை எடுத்துவிட்டு மெத்தை போட்டிருந்தோம். லோடு நடுவில் நின்றது. அடிபட்டதிலிருந்து அது வலப் பக்கமாக மட்டுமே படுத்திருக்கிறது. தூக்கத்தில்கூட இடது முழங்கையின்மேல் பாரம் போட்டதில்லை. இரண்டு தடவை சுற்றியது. மெத்தையை மூக்கால் தள்ளியது. பிறகு பின்பகுதியை இறக்கி, முன்கால்களை மடக்கி, இடப் பக்கமாகச் சாய்ந்தது. முழங்கை அடியில் போனது. நானும் சித்தியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். லோடு ஒரு நீண்ட மூச்சு விட்டு, தாடையை மெத்தையில் வைத்து, கண்ணை மூடியது.

சித்தியின் கை நீண்டது. பாதியில் நின்றது. மடிக்கே திரும்பி வந்துவிட்டது.

முன்னால் ஒரு சரக்கு வண்டி தெருவை மறித்துக்கொண்டு சாமான் இறக்கிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற வண்டிகள் பொறுமையிழந்து சத்தம் போடத் தொடங்கின. சித்தப்பா உள்ளங்கையை ஹாரன்மேல் வைத்தார்.

"ஏங்க," என்றாள் சித்தி, உதடு மட்டும் அசைவதுபோல அவ்வளவு மெதுவாக. "அடிச்சீங்க, கையை ஒடிச்சிடுவேன்."

சித்தப்பா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த வண்டி தன் கடைசிப் பெட்டியை இறக்கும்வரை நாங்கள் மூவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். லோடு குறட்டை விட்டது.